லூகரின் எண்கள்

பழைய லூகர் கைத்துப்பாக்கி ஒன்றுக்கு அமெரிக்கச் சந்தையில் கிடைக்கும் விலையை அதன் உறுப்புகளில் அடிக்கப்பட்டிருக்கும் எண்களே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஒரே ஆலையில் ஒரே ஆண்டில் செய்யப்பட்ட இரண்டில், எல்லா உறுப்புகளிலும் ஒரே எண் உள்ளது மற்றதைவிடப் பல மடங்கு விலைபோவதுண்டு. இரண்டும் ஒன்றுபோலவே சுடும். இந்த விலை முறையின் வேர் ஜெர்மானியப் படைத்துறையின் கணக்கு வழக்கத்தில் இருக்கிறது.

துப்பாக்கியின் மூல வடிவம் ஹூகோ போர்ஷார்ட்டுடையது. ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்க ஆலைகளில் தொழில் செய்து திரும்பிய அவர், 1893-இல் பெர்லினின் லுட்விக் லோவே நிறுவனத்துக்காக சி-93 என்ற அரைத் தானியங்கித் துப்பாக்கியை வடிவமைத்தார். மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியில் இருந்ததைப் போன்ற, முழங்காலாக மடங்கி நிமிரும் மூட்டுப் பூட்டு அதன் உயிர்நாடி. சுடும்போது குழலும் பூட்டும் சேர்ந்தே பின்னுக்கு நகரும். சிறிது தூரம் போனதும் மூட்டு மேல்நோக்கி மடங்க, வெற்றுக்கூடு வெளியே விழும். வில் மூட்டை மறுபடி நிமிர்த்தும்போது அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறிவிடும். கருத்து அருமையானது, ஆனால் துப்பாக்கி கைக்கு அடங்காத பருமனில் இருந்தது. அதைக் குறுக்கி, பிடியைச் சாய்த்து, படைவீரன் இடுப்பில் செருகும் பொருளாக மாற்றியவர் ஆஸ்திரியரான கியோர்க் லூகர். 1900-இல் சுவிட்சர்லாந்துப் படை 7.65 மி.மீ. தோட்டாவுடன் அதை ஏற்றது. ஜெர்மானியக் கடற்படை 1904-இலும் தரைப்படை 1908-இலும் 9 மி.மீ. தோட்டாவுடன் ஏற்றன. தரைப்படை வைத்த பெயர் பி-08. அந்த 9 மி.மீ. தோட்டாதான் இன்று உலகம் முழுவதும் கைத்துப்பாக்கிகளில் மிகப் பரவலாகப் பயன்படுவது.

லூகரின் உறுப்புகள் மிக நுணுக்கமான அளவில் இழைக்கப்பட்டவை. ஒன்றில் பொருந்தும் உறுப்பு இன்னொன்றில் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. தேர்ந்த தொழிலாளி அரம் கொண்டு ராவி, கையால் பொருத்தியாக வேண்டும். பொருத்தியவற்றைக் கழற்றி மெருகேற்றி, கருநீலப் பூச்சுக்கு அனுப்பித் திரும்பச் சேர்க்கும்போது அவை கலந்துவிடக் கூடாது. அதனால் சட்டத்திலும் குழலிலும் முழு எண், சிறு உறுப்புகளில் கடைசி இரண்டு இலக்கம் என்று ஆலையிலேயே எண் அடிக்கப்பட்டது. படைக்குப் போன துப்பாக்கிகளில் இந்த எண்கள் வெளியே தெரியும்படி இருந்தன. பொதுச் சந்தைக்குப் போனவற்றில் அழகு கெடாதபடி சிறு உறுப்புகளின் எண்கள் மறைவான பரப்புகளில் அடிக்கப்பட்டன. பத்தாயிரம் வரை எண்ணிவிட்டு, பிறகு ஓர் எழுத்தைச் சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதும், புத்தாண்டு பிறந்ததும் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவதும் படையின் முறை. ஆகவே ஒரே எண் பல ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வரும். எண்ணோடு, குழலின் பின்புற அறையின் மேல் உள்ள ஆண்டையும், மூட்டின் மேல் உள்ள ஆலைக் குறியையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு துப்பாக்கியின் பிறப்பு தெளிவாகும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மேகசின்கள் தரப்பட்டன. அடிக்கட்டையில் அதே எண், இரண்டாவதில் கூடவே ஒரு கூட்டல் குறி. இந்த இரண்டும் தம் துப்பாக்கியை விட்டுப் பிரியாமல் இன்றுவரை வந்து சேர்ந்திருப்பது அரிது. அப்படி வந்தால் விலை பெரிதும் ஏறும்.

ஆலைக் குறிகள் ஜெர்மனியின் அரசியலையும் தாங்கி நிற்கின்றன. முதல் உலகப் போர்க் காலத்துத் துப்பாக்கிகள் பெர்லினின் டி.டபிள்யூ.எம். ஆலையிலும் எர்ஃபுர்ட் அரசு ஆயுதச் சாலையிலும் செய்யப்பட்டவை. எர்ஃபுர்ட் ஆய்வாளர்கள் மிகச் சிறிய உறுப்புகளைக்கூட விடாமல் முத்திரை குத்தினார்கள். பீரங்கிப் படைக்கென 200 மி.மீ. குழலுடன் செய்த வகை சேகரிப்போரின் தனி மோகம். வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மானியப் படையை ஒரு லட்சம் பேராகச் சுருக்கிய பின், அரசு தன் கையில் வைத்துக்கொண்ட துப்பாக்கிகள் பலவற்றில் 1920 என்ற எண் குத்தப்பட்டது. ஒப்படைக்கப்பட வேண்டிய ஆயுதங்களிலிருந்து அரசுடைமையைப் பிரித்தறியவே இது என்பது பொதுவான விளக்கம். பழைய ஆண்டுக்கு மேலே இந்த எண் நிற்பதால், இரட்டை ஆண்டு கொண்ட லூகர்கள் உருவாயின. அடுத்து சிறிது காலம் ஸூல் நகரின் ஸிம்ஸன் நிறுவனம் மட்டுமே படைக்கு லூகர் தர அனுமதி பெற்றிருந்தது. அது யூதக் குடும்பத்தின் நிறுவனம். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் குடும்பத்தாரிடமிருந்து பறிக்கப்பட்டது. ஸிம்ஸன் பெயர் பொறித்த மூட்டு இன்று அதிகம் தேடப்படுவதற்கு அதன் எண்ணிக்கைக் குறைவு மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

1930-இல் லூகர் செய்யும் இயந்திரங்கள் ஓபர்ன்டோர்ஃபின் மௌசர் ஆலைக்கு மாறின. மறைவில் நடந்த படைப் பெருக்கம் வெளியே தெரியாதிருக்க, 1934 முதல் ஆலைப் பெயருக்குப் பதில் எஸ்/42 என்ற குறியும், ஆண்டுக்குப் பதில் எழுத்தும் வந்தன: 1934-க்கு கே, 1935-க்கு ஜி. 1937-இல் மெதுவாகத் துருவேற்றிச் செய்த பூச்சு போய், உப்புக் கரைசலில் முக்கும் விரைவான பூச்சு வந்தது. அதுவரை சிறு உறுப்புகளுக்கு இருந்த வைக்கோல் நிறமும் அதோடு போயிற்று. இந்த மாற்றத்தை அறியாதவர் 1939-ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் வைக்கோல் நிற உறுப்புகளைக் கண்டு அழகென்று மயங்கி ஏமாறுவார். 1938-இல் லூகருக்கு மாற்றாக வால்தர் பி-38 துப்பாக்கி ஏற்கப்பட்டது. மௌசர் ஆலையில் படைக்கான லூகர் உற்பத்தி 1942-இல் நின்றது.

அமெரிக்காவுக்கு லூகர் போர்களுக்கு முன்பே வந்துவிட்டது. 1901-இல் அமெரிக்கப் படை சோதனைக்காக 1,000 துப்பாக்கிகள் வாங்கியது. அவற்றின் அறை மேல் அமெரிக்கக் கழுகுச் சின்னம் உண்டு. 1907-ஆம் ஆண்டு .45 அங்குலத் துப்பாக்கிப் போட்டிக்காக லூகர் மிகச் சிலவே செய்தார். அவற்றில் ஒன்று 2010-இல் ஏறத்தாழ 5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஆனால் சேகரிப்பை ஒரு பெரும் கூட்டத்தின் பழக்கமாக்கியவர்கள் இரு உலகப் போர்களிலும் நினைவுப் பொருளாக லூகரைக் கொண்டுவந்த சிப்பாய்களே. இரண்டாம் போரில் மேலதிகாரி கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு தரப்பட்டது. துப்பாக்கியின் எண்ணைக் குறிப்பிடும் அந்தச் சீட்டு கூடவே கிடைத்தால் அதன் வரலாறு ஐயமின்றி நிற்கும். சீட்டில்லாத குடும்பக் கதையை அனுபவசாலிகள் விலையில் சேர்ப்பதில்லை.

1955-இல் ஃபிரெட் டாட்டிக்கின் நூலும் 1969-இல் சார்லஸ் கென்யனின் நூலும் வகைகளைப் பெயரிட்டு வரிசைப்படுத்தின. சந்தைக்கு இலக்கணம் கிடைத்தது. போலி செய்வோருக்கும் அதே நூல்கள் வழிகாட்டின. சாதாரணத் துப்பாக்கியின் குறிகளைத் தேய்த்து அரிய வகையின் முத்திரை குத்துவதும், பொருந்தாத உறுப்பின் எண்ணை அழித்துப் பொருந்தும் எண் அடிப்பதும் பெருகின. ஆலை முத்திரை இறங்கும்போது உலோகம் விளிம்பில் மெல்லிய வரப்பாக எழும்பி நிற்கும். மறுபூச்சுக்காக மெருகேற்றினால் அந்த வரப்பு மறையும், எழுத்துகளின் ஓரம் மழுங்கும், சட்டத்தின் கூரான முனைகள் உருண்டுபோகும். பூச்சு பாதி தேய்ந்த பழைய துப்பாக்கி, பளபளவென்று மறுபூச்சு பெற்றதைவிட விலை பெறுவது இதனால்தான்.

1968-ஆம் ஆண்டின் ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் படைத்துறை உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியை அமெரிக்காவில் தடுத்தது; 1980-களில் 50 ஆண்டு கடந்த சேகரிப்புப் பொருள்களுக்கு வழி திறந்தது. அவற்றை மாநில எல்லை கடந்து வாங்கச் சேகரிப்போருக்குத் தனி உரிமம் உண்டு. சோவியத் படை கைப்பற்றிக் கிடங்கில் வைத்திருந்த லூகர்கள் பிறகு சந்தைக்கு வந்தன: உறுப்புகள் கலந்து, முழுதும் மறுபூச்சில் முக்கப்பட்டு, இறக்குமதியாளரின் முத்திரையோடு. சேகரிப்போர் இவற்றைத் தாழ்வாகவே மதிக்கிறார்கள். சுட விரும்புவோர் விரும்பி வாங்குவதோ இவற்றைத்தான். எண் பொருந்திய லூகரில் சிறு உறுப்பு ஒன்று சுடும்போது உடைந்தாலும் அதே எண்ணுள்ள மாற்று உறுப்பு கிடைக்காது. ஆகவே அப்படிப்பட்ட துப்பாக்கிகள் பெரும்பாலும் சுடப்படாமல் பெட்டியிலேயே இருக்கின்றன.