பிரின்ஸ் வீதியில் ஓர் ஒல்லாந்தர் வீடு

கொழும்பு, புறக்கோட்டை, பிரின்ஸ் வீதி என்றதும் பலருக்கு நினைவில் வருவது மொத்த வியாபாரக் கடைகளும், பொதி சுமந்து வழிவிடச் சொல்லிக் கூவும் நாட்டாமைமாரும், நகர முடியாமல் நிற்கும் லொறிகளும்தான். அந்த நெரிசலின் நடுவே, உயர்ந்த தூண்களோடும் தடித்த சுவர்களோடும் இரண்டு மாடி வீடொன்று நிற்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வயதான இந்த வீட்டைக் கவனியாமலே நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகின்றனர். நானும் பல காலம் அப்படிக் கடந்து போனவன்தான்.

இன்று வியாபாரத்துக்கு மட்டுமே பெயர்பெற்ற புறக்கோட்டை, ஒல்லாந்தர் காலத்தில் மனிதர் குடியிருந்த பகுதி. 1656 மே மாதத்தில் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, கோட்டைக்குள் தன் நிர்வாகத்தையும் படையையும் வைத்துக்கொண்டது. கோட்டைக்கு வெளியே இருந்த இப்பகுதியைப் 'பழைய நகரம்' என்று அழைத்தது. நேரான வீதிகள், வீதியை நோக்கிய விறாந்தைகள், பின்புறம் முற்றமும் கிணறும் என அமைந்த வீடுகள் இங்கே எழுந்தன. பிற்காலத்தில் ஆங்கிலேயர் வழங்கிய 'பெட்டா' என்ற பெயர் வேறொன்றுமல்ல, நமது 'பேட்டை'தான்.

நான் குறிப்பிடும் வீடு பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. 1692 முதல் 1697 வரை இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராக இருந்த தோமஸ் வன் றீயின் வாசஸ்தலமாக இது இருந்தது. அவருக்குப் பின் இந்த வீடு எடுத்த அவதாரங்கள் பல. ஆசிரியர்களையும் மதகுருமாரையும் பயிற்றும் கூடமாக, இராணுவ வைத்தியசாலையாக, பொலிஸ் பயிற்சி நிலையமாக, கடைசியில் தபால் கந்தோராக இது பயன்பட்டது. ஆட்சிகள் மாறின. ஒவ்வோர் ஆட்சியும் தன் தேவைக்கேற்ப இந்த வீட்டைப் பயன்படுத்திக்கொண்டது. வீடு என்னவோ அங்கேயே நின்றது.

குருமாரைப் பயிற்றுதல் என்றவுடன் தமிழர் நினைவுகூர வேண்டிய பெயர் ஒன்றுண்டு. வன் றீயின் காலத்தில், 1696இல், கொழும்பில் ஒரு செமினரி தொடங்கப்பட்டது. பின்னாளில் அதில் பயின்று வெளிவந்தவர் 1723இல் பிறந்த பிலிப் த மெல்லோ. பன்மொழிப் புலமை கொண்ட இத்தமிழர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சேறியது. சைமன் காசிச்செட்டி தமது 'தமிழ் புளூட்டாக்' நூலில் இவருக்கும் இடமளித்திருக்கிறார். கொழும்பின் தமிழ் அச்சு வரலாற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து தொடங்குவோர் இந்த ஆண்டை மறந்துவிடுகின்றனர்.

ஒல்லாந்தரின் வீடுகளைப் பற்றிப் பேசும்போது மறைக்கக்கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. அந்நாளைய செல்வர் வீடுகளின் சமையலும் துப்புரவும் தண்ணீர் சுமத்தலும் அடிமைகளின் உழைப்பால் நடந்தவை. தென்னிந்தியக் கரையிலிருந்தும் இன்றைய இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் அவர்கள் கொண்டுவரப்பட்டனர். கம்பனியின் அடிமைகள் அடைத்து வைக்கப்பட்ட இடத்தைத் தமிழில் கொம்பனித்தெரு என்கிறோம். ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிய பெயரோ 'ஸ்லேவ் ஐலண்ட்' என்று உண்மையை நேராகவே சொன்னது. ஆளுநர்களின் பெயர்ப் பட்டியல் நமக்கு முழுமையாகக் கிடைக்கிறது. முற்றத்துக் கிணற்றில் நீர் இறைத்தவர்களின் பெயர்கள் அப்படிக் கிடைப்பதில்லை.

தபால் கந்தோராக இருந்த காலத்துக்குப் பின் கட்டடம் பழுதடைந்து போயிற்று. கேட்பாரற்று விடப்பட்டிருந்தால், அயலில் இருந்த பல பழைய வீடுகளைப் போல இதுவும் மறைந்து, அதன் இடத்தில் கடைத்தொகுதி ஒன்று எழுந்திருக்கும். ஆனால் இதனைக் காக்க முனைந்தோர் இருந்தனர். நெதர்லாந்தின் ஒத்துழைப்போடு 1977இல் தொடங்கிய திருத்த வேலைகள் 1981இல் நிறைவுற்றன. 1982இல் ஒல்லாந்தர் கால நூதனசாலையாக இது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தளபாடங்கள், பீங்கான்கள், நாணயங்கள், ஆயுதங்கள் எனப் பலவும் இங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன.

1981 என்ற ஆண்டைத் தமிழர் எவரும் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. கொழும்பில் ஒரு பழைய வீடு ஓடு ஓடாகச் சீர்செய்யப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம், ஏறத்தாழ 97,000 நூல்களோடு, எரியூட்டப்பட்டது. நூதனசாலை திறந்த அடுத்த ஆண்டில், 1983 ஜூலையில், புறக்கோட்டையில் தமிழரின் கடைகள் தீக்கிரையாயின. வீட்டைக் காத்தவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் செய்தது நற்காரியம். ஒரே நாடு, ஒரே காலத்தில், எதைக் காத்தது, எதைக் காக்கத் தவறியது என்பதையும் வரலாறு எழுதுவோர் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

நான் முதன்முதலாக உள்ளே சென்றது 1996இன் ஆரம்பத்தில். கொழும்பில் இளம் செய்தியாளனாக இருந்த காலம். வழியில் இரண்டு இடங்களில் அடையாள அட்டையைக் காட்டி, ஊர் எது, எப்போது வந்தாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போனேன். உள்ளே ஓர் அறையில், கரிய மரத்தால் செய்த பெரிய அலுமாரி ஒன்று நின்றது. அதன் அடிப்பகுதியில் பித்தளைப் பிடி போட்ட லாச்சிகள். 'லாச்சி' என்ற சொல்லே ஒல்லாந்த மொழி நமக்கு விட்டுச் சென்றது. கந்தோர், துட்டு, போஞ்சி, கக்கூசு என்பனவும் அப்படித்தான்.

அந்த லாச்சியைக் கண்டதும் எனக்கு அப்பாச்சியின் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் அவர் ஒரு மேசை லாச்சியில்தான் பூட்டி வைத்திருந்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணமே பெயர்ந்து நடந்தபோது, உறுதிகளை மடியில் கட்டிக்கொண்டு அவரும் நடந்தார். மேசை வீட்டோடு நின்றுவிட்டது. பிற்பாடு நாங்கள் போய்ப் பார்த்தபோது அங்கே மேசையும் இல்லை, கூரையும் இல்லை.

யாழ்ப்பாணத்திலும் ஒல்லாந்தர் கட்டினார்கள். கோட்டைக்குள் அவர்கள் 1706இல் எழுப்பிய தேவாலயம் யுத்தத்தில் தரைமட்டமாகிவிட்டது. போர் முடிந்தபின் நெதர்லாந்தின் உதவியோடு மதில்கள் திருத்தப்பட்டன. தேவாலயம் எழவில்லை. அதே காலத்தில், 1707இல், ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமை மட்டும் இன்றும் சட்டமாக நிலைத்திருக்கிறது. கல் விழுந்துவிட்டது, ஏடு நின்றுவிட்டது.

அந்நியரின் வீட்டை நாம் ஏன் பேண வேண்டும் என்று கேட்போர் உள்ளனர். ஆண்டவர்களைப் போற்றுவதற்காக அல்ல. அச்சுவர்களுக்குள் ஆண்டவர்களோடு அடிமைகளும் மாணாக்கரும் நோயாளரும் தபால் ஊழியரும் வாழ்ந்திருக்கின்றனர். வீடு இல்லாமற் போனால் அவர்கள் எல்லோரும் சேர்ந்தே இல்லாமற் போவார்கள்.

எங்கள் வீட்டின் அத்திவாரம் இன்னும் இருக்கிறது. அப்பாச்சி சுமந்து வந்த உறுதிகளும் இருக்கின்றன. அவற்றில் வாங்கியவர், விற்றவர், எல்லைக்காணிக்காரர் என எத்தனையோ பெயர்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் வாசகர்களின் லாச்சிகளிலும் இத்தகைய காகிதங்கள் கிடக்கக்கூடும். எடுத்து வாசித்துப் பாருங்கள். அந்தப் பெயர்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.