பெருக்க மரமும் மஞ்சாப் பாட்டும்: மன்னார் – புத்தளம் கரையில் ஆபிரிக்க வழிவந்தோர்

மன்னார்த் தீவில் பள்ளிமுனைப் பெருக்க மரத்தின் அடிச்சுற்று ஏறத்தாழ 19.5 மீட்டர், உயரமோ 7.5 மீட்டர்தான். ஆபிரிக்காவுக்குரிய இந்த மரம் இங்கே எப்படி வந்தது என்று கேட்டால், ஒட்டகத் தீனிக்காக அரபு வணிகர் கொண்டுவந்தார்கள் என்பதே வழக்கமான பதில். அந்தப் பதிலில் சரக்குக்கு உடையவர் இருக்கிறார். கப்பலில் உழைத்த ஆபிரிக்கரும், கப்பலிலேயே சரக்காக வந்த ஆபிரிக்கரும் இல்லை. மரத்தையும் பாட்டையும் ஏற்றுக்கொண்ட இந்தக் கரை, அவற்றோடு வந்த மனிதரைத் தன் வரலாற்றில் சேர்க்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விதையும் ஆளும்

இந்தியத் துணைக்கண்டத்துப் பெருக்க மரங்களின் மரபணுவை ஆராய்ந்த கரேன் பெல், ஹரிப்பிரியா ரங்கன் குழுவினர் தம் முடிவுகளை 2015இல் வெளியிட்டனர். மரம் ஒரே தடவையில் வரவில்லை. ஆபிரிக்காவின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து பல தடவை வந்திருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். அமெரிக்கக் கண்டங்களில் ஆபிரிக்கப் பயிர்கள் வேரூன்றியதில் அடிமைகளாக வந்தோரின் பங்கை ஜூடித் கார்னி எழுதிக் காட்டினார். இந்துமாக் கடலின் இக்கரைக்கும் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

ஆபிரிக்கர் இங்கு வந்ததற்குப் பழைய சான்று உண்டு. 1344இல் இலங்கைக்கு வந்த இபுன் பதூதா, கொழும்பை ஆண்ட அதிகாரியிடம் சுமார் 500 அபிசீனியர் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். இலங்கையில் போரிட்ட அவர்களது படைகளில் ஆபிரிக்கரும் இருந்தனர். 1658இல் மன்னார் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கொழும்புக் கோட்டை வேலைகளில் அவர்கள் ஆபிரிக்க அடிமைகளை ஈடுபடுத்தினார்கள். ஒல்லாந்தரின் அதே கிழக்கிந்தியக் கம்பனிதான் 1659–61 பஞ்சத்தில் சோழமண்டலக் கரையில் தமிழரையும் வாங்கிக் கப்பலேற்றியது. அடிமை வாணிபத்தைத் தமிழர் பிறர் கதையாக மட்டும் படிக்க முடியாது.

கொழும்பில் எதிர்ப்பு

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொழும்புக் கோட்டைக்குள் அடிமைகள் எசமானருக்கு எதிராகக் கிளம்பினார்கள். அதன் பின்னர் அவர்கள் கோட்டைக்குள் இராத் தங்கக் கூடாது என்றாயிற்று. பகலெல்லாம் வேலை செய்தவர்கள் பொழுதுபட்டதும் பேரை வாவிக்கு அப்பால் கொண்டுபோய் அடைக்கப்பட்டார்கள். இன்றைய கொம்பனித்தெருவை ஆங்கிலேயர் ‘அடிமைத் தீவு’ என்று எழுதியது அதனால்தான். அடிமைகளின் உழைப்பு வேண்டியிருந்தது, அவர்கள் பக்கத்தில் இருப்பது வேண்டாததாயிற்று. நகரங்களில் கறுப்பினத்தவரை ஒதுக்கும் முறை பிற்காலத்தில் பல இடங்களிலும் இதே கணக்கில் தோன்றியது.

பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்க்க மன்னார்க் கரையில் அரிப்பில் மாளிகை கட்டியவர். அவர் காலத்தில் போர்த்துக்கேயரிடமிருந்து ஆபிரிக்கர் விலைக்கு வாங்கப்பட்டுப் படையில் சேர்க்கப்பட்டார்கள். 1803 கண்டிப் போரிலும் ஆபிரிக்கச் சிப்பாய்கள் இருந்தனர். இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்.

சிறாம்பியடி

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தப் பிரித்தானியப் படை கலைக்கப்பட்டபோது, ஆபிரிக்கச் சிப்பாய்களின் குடும்பங்கள் பல புத்தளத்தில் தங்கின. அவர்களின் வழிவந்தோரை இன்றும் அங்கே சிறாம்பியடி என்ற ஊரில் காணலாம். சிங்களவரோடும் தமிழரோடும் மணவுறவு கொண்டு, நாளாந்தப் பேச்சில் சிங்களத்துக்கு மாறிய பின்பும், மஞ்சா என்ற தங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் அவர்கள் விடவில்லை. றபான் முழங்கும், சிரட்டைகள் மோதும், போத்தலில் கரண்டி தட்டும். மெதுவாகத் தொடங்கும் பாட்டு, சொன்ன அடியையே திரும்பத் திரும்பச் சொல்லி, வேகம் கூடிக்கொண்டே போகும். சொற்கள் போர்த்துக்கேயக் கிரியோல். அன்றாடம் பேசாத மொழியைப் பாட்டில் காப்பாற்றுவதும் எதிர்ப்புத்தான். பிரேசிலின் சல்வடோர் நகரில் 1974இல் கறுப்பின மக்கள் ‘இலே ஆயே’ என்ற தங்கள் சொந்தத் திருவிழாக் குழுவைத் தொடங்கினார்கள். அவர்கள் கையிலெடுத்த கருவியும் பறை, பாட்டு, ஆட்டம்தான்.

சிறாம்பியடியின் தாளம் நமக்கு அந்நியமானதல்ல. காப்பிரிஞ்ஞா ஆட்ட இசையிலிருந்து பைலா இசை வளர்ந்தது, பாடகர் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ வழியாக அது தமிழ்நாட்டுக் கலியாண வீடுகள் வரை போனது. அதற்கு ஆடிய பலருக்குச் சிறாம்பியடி என்றோர் ஊர் இருப்பது தெரியாது. ஆடும்போது இனிக்கும் தாளம், பெண் பார்க்கும்போது கறுப்பு நிறத்தையும் சுருட்டை முடியையும் குறையாக எண்ணும் வீடுகளிலேயே ஒலிக்கிறது. நிற இழிவு வெள்ளைக்காரன் விட்டுப்போன சரக்கு மட்டுமல்ல, நாம் நாளும் பேணிவரும் பழக்கமும்கூட.

செய்ய வேண்டியவை

ஓரிடத்தில் கூடிவாழும் சிறு சமூகம் அமைப்பாக நின்றால் அரசைக் கேட்க வைக்கலாம். ஆபிரிக்க வழிவந்தோரான கர்நாடகத்தின் உத்தர கன்னடச் சித்திகள் 2003இல் பட்டியல் பழங்குடி அந்தஸ்து பெற்றார்கள். 2020இல் சாந்தாராம் சித்தி மாநில மேலவைக்கு நியமிக்கப்பட்டார். இலங்கையில் முதற்கட்ட வேலைகள் எளியவை. பள்ளி வரலாற்றுப் பாடத்தில் இம்மக்கள் இடம்பெற வேண்டும். மஞ்சாப் பாடல்கள் அவர்களது சம்மதத்தோடும் உரிமையோடும் பதிவாக வேண்டும். பள்ளிமுனை மரத்தின் வரலாற்றைச் சொல்லும்போது, ஒட்டகத்துக்கும் வணிகருக்கும் கொடுக்கும் இடத்தை ஆபிரிக்க மனிதருக்கும் கொடுக்க வேண்டும். மன்னார் வரலாற்றை எழுதும் தமிழ் ஆய்வாளருக்கு இது பிறருக்குச் செய்யும் உதவியல்ல. தம் கரையின் வரலாற்றை முழுமையாக எழுதும் கடமை.