குண்டு போகும் பாதை

மாங்காய்க்குக் கல்லெறியும் நம் பிள்ளைகள் குறிக்குச் சற்று மேலேதான் எறிகிறார்கள். துப்பாக்கிக் குண்டுக்கும் அதுவே விதி. ஆனால் அது நேரே சென்று, வேகம் தீர்ந்தபின்பே விழும் என்றுதான் முன்னோர் எண்ணியிருந்தனர். 1546-இல் இத்தாலியரான தார்த்தாலியா, அதன் பாதையில் நேர்கோடே இல்லை என்றார். 1638-இல் கலிலியோ அதைப் பரவளைவு என்று நிறுவினார். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ் காற்றை விட்டுவிடவில்லை. ஊசல்போல் தொங்கிய பலகையில் சுட்டு, அது ஆடிய அளவைக்கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். பலகையைத் தள்ளி வைத்துச் சுட்டால் வேகம் குறைந்தது. காற்றுத் தடையோ குண்டின் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேல்! கண்ணுக்குத் தெரியாத காற்றா இப்படி என்று நமக்கே வியப்பாயிருக்கிறது. இதை 1742-இல் நூலாக்கினார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்ய வந்தவர், 1751-இல் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் மறைந்தார்.