சென்னையின் பழைய ஜீப்புகளும் மசகு எண்ணெயும்

ஜீப் என்று தமிழ்நாட்டில் பொதுவாக அழைக்கப்படும் நான்கு சக்கர இயக்க வண்டி, இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களால் 1941 முதல் பெருமளவில் செய்யப்பட்டது. போர் முடிந்தபின் மகிந்திரா நிறுவனம் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைக் கோர்த்து விற்கத் தொடங்கியது. 1953இல் அமெரிக்காவில் அறிமுகமான சிஜே-3பி வகை, இந்தியாவில் சிறு மாற்றங்களுடன் பல பத்தாண்டுகள் ஓடியது. வண்டியின் உள்ளுறுப்புகள் அதிகம் மாறவில்லை. அவற்றுக்கு ஊற்றும் எண்ணெய் மாறிக்கொண்டே வந்தது. இன்று மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு பழைய ஜீப்பைப் பராமரிப்பவர் எதிர்கொள்ளும் குழப்பம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

எண்களின் கதை

மாட்டு வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயும் வண்டி மையும் போதுமாக இருந்தன. மோட்டார் வந்தபின் எண்ணெயின் பிசுக்குமையை அளந்து சொல்ல வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. 1911இல் அதற்கு எண்களை வகுத்தது. குளிர்காலத்தைக் குறிக்கும் 'டபிள்யூ' எழுத்து 1930களில் சேர்ந்தது. 20டபிள்யூ-40 என்றால், குளிரில் 20டபிள்யூ போலவும் எஞ்சின் சூட்டில் 40 போலவும் நடந்துகொள்ளும் எண்ணெய் என்று பொருள்.

போர்க்கால ஜீப்பின் கையேடு, உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பத்தில் எஞ்சினுக்கு எஸ்.ஏ.இ. 30, கடுங்குளிரில் எஸ்.ஏ.இ. 10 என்று கூறியது. ஐரோப்பியப் பனியில் அந்த வேறுபாடு வண்டி கிளம்புமா கிளம்பாதா என்பதைத் தீர்மானித்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ். 2003 மே மாதத்தில் 45 டிகிரி வரை ஏறியது. ஆகவே இந்நகரில் ஓடும் பழைய ஜீப்புக்கு 'டபிள்யூ'வுக்கு முன்னுள்ள எண்ணைப் பற்றிக் கவலைப்பட ஏதுமில்லை. பின்னுள்ள எண்ணே முக்கியம். தேய்ந்த பழைய எஞ்சினுக்கு 40 அல்லது 50 பொருந்துவது இதனால்தான். புதிய கார்களுக்கான 0டபிள்யூ-20 விலை கூடியது என்பதற்காக அதை ஜீப்பில் ஊற்றுவது வீண் செலவு மட்டுமல்ல, தேய்ந்த தாங்கிகளுக்குக் கேடும்கூட.

கியர் எண்ணெயின் எண்கள் வேறோர் அளவுகோலைச் சேர்ந்தவை. பட்டறைகளில் '90 ஆயில்' என்று சொல்லப்படுவது எஞ்சின் எண்ணெயை விட இரு மடங்கு கெட்டியானது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஏறத்தாழ எஸ்.ஏ.இ. 40 அல்லது 50 எஞ்சின் எண்ணெயின் பிசுக்குமையைக் கொண்டதுதான்.

பித்தளையும் கந்தகமும்

ஜீப்பின் பின்னச்சில் உள்ள ஹைப்பாயிடு பற்சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு கடுமையாக வழுக்கவும் செய்கின்றன. சாதாரண எண்ணெய்ப் படலம் அங்கே கிழிந்துவிடும். அதற்காகக் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் சேர்க்கப்பட்டன. சூட்டில் இவை இரும்புடன் வினைபுரிந்து ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. ஆனால் கியர்பெட்டியில் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. அதே சேர்மம் செறிவு மிகுந்தால் பித்தளையை அரிக்கும்.

போர்க்காலப் படைகளுக்கு வசதி முக்கியம். எனவே கியர்பெட்டி, டிரான்ஸ்ஃபர் பெட்டி, அச்சு மூன்றுக்கும் ஒரே பொதுக் கியர் எண்ணெய் வகுக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே 90 என்ற பட்டறை வழக்கம் அன்றைய எண்ணெய்க்குச் சரியாகவே இருந்தது. பின்னர் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. கியர் எண்ணெய்களை ஜி.எல்.-4, ஜி.எல்.-5 எனப் பிரித்தது. ஜி.எல்.-5இல் இந்தச் சேர்மங்கள் ஜி.எல்.-4ஐ விட ஏறக்குறைய இரு மடங்கு. வழக்கம் மாறாமல் எண்ணெய் மட்டும் மாறியதால், ஜி.எல்.-5ஐ எல்லா இடத்திலும் ஊற்றிய வண்டிகளில் பித்தளை வளையங்கள் அரிபட இடமுண்டானது. அச்சுக்கு ஜி.எல்.-5, கியர்பெட்டிக்கு ஜி.எல்.-4 என்பதே பாதுகாப்பான முறை. புதுப்பேட்டையில் பழைய கியர்பெட்டி வாங்குபவர் மூடியைத் திறந்து வளையங்களைப் பார்த்துவிடுவது நல்லது.

மணலியும் எஞ்சின் எண்ணெயும்

இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகியவற்றின் கூட்டில் 1965இல் தொடங்கப்பட்ட மதராஸ் சுத்திகரிப்பு ஆலை, 1969இல் மணலியில் இயங்கத் தொடங்கியது. எரிபொருளோடு மசகு எண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயும் அங்கே பிரிக்கப்பட்டது. 1989இல் நிறுவப்பட்ட இந்தியன் அடிட்டிவ்ஸ், சேர்க்கைப் பொருள்களையும் மணலியிலேயே தயாரிக்கலாயிற்று.

சேர்க்கைப் பொருள்களில் பழைய எஞ்சினுக்கு மிக வேண்டியது துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மம். வில்லிஸ் ஹரிகேன் எஞ்சினில் கேம் தண்டின்மேல் தட்டையான டேப்பெட்டுகள் உரசிச் செல்கின்றன. உரசலைத் தாங்குவது இந்தச் சேர்மம். ஆனால் புகை சுத்திகரிக்கும் வினையூக்கியைப் பாஸ்பரஸ் கெடுப்பதால், 2004இல் வந்த எஸ்.எம். தரத்தில் மெல்லிய வகை எண்ணெய்களுக்கு அது 0.08 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. வினையூக்கியே இல்லாத ஜீப்புக்கு இந்தக் கட்டுப்பாட்டால் பயனில்லை. டீசல் எஞ்சின்களுக்கான 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 வகைகள் பலவற்றில் இச்சேர்மம் கூடுதலாக இருப்பதால் பெட்ரோல் ஜீப்புக்கும் அவற்றையே சிலர் விரும்புகின்றனர். அவற்றில் அழுக்கு கரைக்கும் பொருளும் மிகுதி. நெடுங்காலம் திறக்காத எஞ்சினில் முதன்முறை ஊற்றினால் படிந்த கசடு பெயர்ந்து எண்ணெய் வழியை அடைக்கக்கூடும். சில நூறு கிலோமீட்டரில் ஒருமுறை வடித்து மாற்ற வேண்டும்.

வெள்ளம்

எந்தத் தர அட்டவணையிலும் இல்லாத ஒன்றைச் சென்னை சேர்த்தது. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டைத் தெருக்களில் வண்டிகள் மூழ்கின. ஓடிச் சூடான அச்சு வெள்ளத்தில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காற்றுத் துளை வழியே நீரை உறிஞ்சும். எண்ணெய் காபி நிறத்தில் பால்போல் மாறியிருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். அப்போது தரம் எதுவாயினும் வடித்தே ஆக வேண்டும். வில்லிஸ் ஜீப்பில் கியர்பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கும் இடையே எண்ணெய் செல்லும் வழி உண்டு. ஒன்றை மட்டும் வடித்தால் மற்றதிலிருந்து நீர் திரும்ப வந்துவிடும். இரண்டையும் சேர்த்தே வடித்து, சேர்த்தே நிரப்ப வேண்டும்.