காரணம் கூறா ஆணைகள்

1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் பன்னிரண்டு ஆண்டுகள் இந்திய ஏடுகளை அச்சுறுத்தியபின் 1922இல் விலக்கப்பட்டது. ஆயின் அதை விலக்கிய கையே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 99அ என்னும் புதிய பிரிவையும் சேர்த்தது. ஒரு நூலில் இராசத் துரோகக் கருத்து உள்ளதென்று மாகாண அரசுக்குத் தோன்றினால் போதும். அரசிதழில் அறிவித்து அதைப் பறிமுதல் செய்யலாம். நீதிமன்றத்தின் முன்னனுமதி வேண்டுவதில்லை. கட்டுப்பாடு ஒன்றே ஒன்று: தன் கருத்துக்கான அடிப்படையை அரசு அந்த ஆணையிலேயே கூறவேண்டும். இந்தக் கட்டுப்பாடு பட்ட பாட்டை நம் கொங்கு மண்ணிலிருந்து தொடங்கிக் காண்பது பொருந்தும்.

அதற்குமுன், அரசு தமிழை எவ்வாறு படித்தது என்பதை அறிதல் நலம். சென்னை மாகாணத்து ஏடுகளில் வந்தவற்றை அரசு மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தில் சுருக்கி மந்தண அறிக்கைகளாக்கினர். இன்னும் மறைவாக வைக்க வேண்டியவை சார்புச் செயலரின் பாதுகாப்புப் பெட்டகக் கோப்புகளில் அடங்கின. இன்று எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளர் புரட்டும் இக்கோப்புகளை, எவருடைய எழுத்தைப் பற்றியனவோ அவர்கள் தம் வாழ்நாளில் கண்டாரில்லை. தமிழ்ப் பாட்டின் குறிப்புப் பொருள் ஆங்கிலச் சுருக்கத்தில் என்னவாகும் என்பதை இம்மன்றத்துக் கவிஞர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பாரதியார் 1921இல் ஈரோடு கருங்கல்பாளையத்தில் சொற்பொழிவாற்றினார். அவ்வாண்டு செப்டம்பரிலேயே மறைந்தார். அவர் மறைந்து ஏழாண்டு கழிந்தபின், 1928இல், அவருடைய ‘சுதேச கீதங்கள்’ பறிமுதலாயிற்று. பர்மா அரசு முதலில் தடை விதிக்க, சென்னை அரசு அதைப் பின்பற்றியது. அப்பாடல்களிற் பல இருபதாண்டுக் காலமாக அச்சில் இருந்தவை, மேடைதோறும் பாடப்பட்டவை. இருபதாண்டு விளையாத ஆபத்து திடீரென எங்கிருந்து வந்தது? அக்டோபரில் சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் கொண்டுவந்த ஒத்திவைப்புத் தீர்மானம் பெரும்பான்மையால் நிறைவேறியது. இவ்வரலாறு பலரும் அறிந்ததே.

ஈரோட்டு வரலாறு அத்துணை அறியப்படவில்லை. 1979 வரை ஈரோடு கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து 1925 முதல் வெளிவந்த ‘குடி அரசு’ 1931இல் மார்க்சு, எங்கெல்சு ஆகியோரின் பொதுவுடைமை அறிக்கையைத் தமிழில் தரத் தொடங்கியது. பெரியார் சோவியத் நாடு சென்று 1932இல் திரும்பினார். அதன்பின் அரசின் கண் ஈரோட்டை விட்டு அகலவில்லை. 1933 அக்டோபர் 29ஆம் நாள் இதழில், இன்றைய ஆட்சி ஏன் ஒழியவேண்டும் என்று வினவி ஒரு தலையங்கம் வந்தது. டிசம்பரில் பெரியாரும், ஏட்டின் வெளியீட்டாளரான அவர் தங்கை கண்ணம்மாளும் கைதாயினர். கோவையில் விசாரணை நடந்தது. பெரியார் எதிர்வழக்காடவில்லை, எழுத்து வாக்குமூலம் மட்டும் அளித்தார். 1934 சனவரியில் இருவருக்கும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பத்திரிகைச் சுதந்திர வரலாறு எழுதுவோர் கண்ணம்மாளின் பெயரை ஒரு வரியில் கடந்து செல்வது எனக்கு என்றும் வருத்தம் தருவது. கோவை மாவட்டத்தில் எழுத்துக்காகச் சிறை சென்ற பெண்ணுக்கு ஒரு தனிக் கட்டுரையேனும் வேண்டாமா?

அடுத்தது நூல். 1930இல் லாகூர்ச் சிறையில் பகத்சிங் எழுதிய, தான் ஏன் நாத்திகன் என்று விளக்கும் கட்டுரை, 1931 மார்ச்சில் அவர் தூக்கிலிடப்பட்டபின், அவ்வாண்டு செப்டம்பரில் லாகூர் ஏடு ஒன்றில் வெளிவந்தது. ப. ஜீவானந்தம் அதைத் தமிழாக்க, ஈரோட்டில் நூலாயிற்று. 1935இல் ஜீவாவும், வெளியிட்ட ஈ.வெ. கிருஷ்ணசாமியும் கைதாயினர். குற்றம் இராசத் துரோகம்.

இறைமறுப்பு எங்ஙனம் இராசத் துரோகமாகும்? கட்டுரையைப் படிப்போர் ஓரிடத்தில் நிற்பர். ஆங்கிலேயர் இங்கு ஆள்வது இறைவன் திருவுளத்தால் அன்று, அவர்தம் வலிமையாலும் நம் அச்சத்தாலுமே என்று பகத்சிங் அங்கு வாதிடுகிறார். ஆட்சிக்கு இருந்த தெய்வ முத்திரை அங்கே கழன்று விழுகிறது. நூலை அஞ்சிய அதிகாரி நல்ல வாசகர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இயக்கத்தைத் தடையிலிருந்து காக்கும் பொருட்டு மன்னிப்புக் கேட்டு விடுதலை பெறுமாறு பெரியார் அறிவுறுத்தினார். இருவரும் அவ்வாறே செய்தனர். இதைத் தளர்ச்சி என்பாரும் தந்திரம் என்பாரும் உளர். எவ்வாறாயினும் அந்த வடு ஆறவில்லை. ஜீவா பிரிந்து சென்றார். ஒரு சிறு நூலின்மீது பாய்ந்த வழக்கு, தோழர் இருவரின் பாதைகளைப் பிரிப்பதில் பங்கு பெற்றது. தடையின் பயன்களை அளப்போர் இதையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

விடுதலைக்குப் பின்னும் 99அ நிலைத்தது. பெரியாரின் இராமாயண நூலின் ஆங்கில ஆக்கத்தையும், லலாய் சிங் வெளியிட்ட இந்தி ஆக்கத்தையும் உத்தரப் பிரதேச அரசு 1969 டிசம்பரில் பறிமுதல் செய்தது. இம்முறை கூறப்பட்டது நாட்டின் காப்பு அன்று, சமய உணர்வு. கருவி அதே பிரிவுதான். ஆணையின் இணைப்பில் பக்கமும் வரியும் குறிக்கப்பட்டிருந்தன. அவை ஏன் குற்றம் என்பது மட்டும் கூறப்படவில்லை. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1971இல் ஆணையை நீக்கியது. அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 1976 செப்டம்பர் 16ஆம் நாள் தள்ளியது. நெருக்கடி நிலை நாட்டை மூடியிருந்த காலம் அது. நாளேடுகள் தணிக்கைக்குட்பட்டிருந்த அவ்வேளையில், காரணம் கூறாத தடை செல்லாது என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதினார். ஈரோட்டுக்காரர் ஒருவரின் நூல் அத்தீர்ப்புக்கு வாயிலாயிற்று என்பதில் நமக்குச் சிறிது பெருமிதம் உண்டு.

2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அப்பிரிவு 98ஆம் எண் பெற்றுள்ளது. அதன்கீழ் ஜம்மு காஷ்மீர் உள்துறை 2025 ஆகஸ்டு 5ஆம் நாள் 25 நூல்களை ஒரே ஆணையால் பறிமுதலுக்குரியன என அறிவித்தது. அருந்ததி ராய், ஏ.ஜி. நூரானி ஆகியோரின் நூல்களும் அவற்றுள் அடங்கும். பொய்ப் பரப்புரை, பிரிவினை என்னும் காரணங்கள் பொதுவாகக் கூறப்பட்டன; எந்த நூலின் எந்தப் பக்கம் என்பது கூறப்படவில்லை. ஆணையை எதிர்த்து வழக்குகள் எழுந்தன. இத்தகைய வழக்கை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் மூவர் கொண்ட அமர்வு கேட்கவேண்டும் என்பது 1922ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதி.