பீச் மரத்துக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்பது நம் வயற்காட்டுப் பேச்சு. அதையே பழமரத்துக்குச் சொன்னால் தோட்டக்காரர் முகம் சுளிப்பார். காய் பிடித்த மரத்தைக் காயப் போடுவதா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள டாட்டூராவிலும் 1970கள் வரை இதே பயம்தான்.

கோல்பர்ன் பள்ளத்தாக்கு ஊர் அது. ஆண்டு மழை 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான். கோடையில் வாய்க்கால் தண்ணீரே கதி. சுற்றிலும் பீச், பேரித் தோட்டங்கள். பக்கத்து ஷெப்பர்ட்டனில் பழத்தை டப்பாவில் அடைக்கும் ஆலைகள். டாட்டூராவின் பாசன ஆராய்ச்சி நிலையத்தில் டேவிட் சால்மர்ஸ் குழுவினர் மரங்களை நெருக்கி நட்டு, கவட்டை போல இரு பக்கமும் சாய்த்துக் கம்பியில் படர விட்டார்கள். மகசூல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கிளைகள் அடங்கவில்லை. ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழுந்தது. கவாத்து செய்து மாளவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அப்போது அவர்கள் தேடியது தண்ணீர் மிச்சத்தை அல்ல. கிளையை அடக்க ஒரு வழியை.

வழி பழத்துக்குள்ளேயே இருந்தது. பீச் ஒரே சீராகப் பருப்பதில்லை. பூ உதிர்ந்ததும் கிடுகிடுவென வளரும். பிறகு கொட்டை இறுகும் காலம். பழம் ஏறக்குறைய நின்றுவிடும், கிளையோ அப்போதுதான் பாய்ந்து நீளும். அறுவடைக்கு முந்தைய வாரங்களில் பழம் மறுபடி வேகமெடுத்துப் பருக்கும். அப்படியானால் அந்த நடுக்காலத்தில் பாய்ச்சும் தண்ணீர் யாருக்குப் போகிறது? கிளைக்கு. அதைக் குறைத்தார்கள். கிளை அடங்கியது. பழம் பருக்கும் நாளில் மீண்டும் தாராளமாகப் பாய்ச்சினார்கள், பழம் சிறுக்கவில்லை.

1981இல் சால்மர்ஸ், மிட்செல், வான் ஹீக் மூவரும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பேரி மரத்திலும் இது பலித்தது. 'முறைப்படுத்திய பற்றாக்குறைப் பாசனம்' என்று பெயர் நிலைத்தது. பின்னர் கலிஃபோர்னியாவின் பாதாம் தோட்டங்களில், மேல்தோல் வெடிக்கும் தருணத்தில் தண்ணீரைக் குறைத்தபோது தோலழுகல் நோயும் குறைந்தது. 1990களின் கடைசியில் தொடங்கி 2009 வரை ஆஸ்திரேலியாவை வறட்சி வாட்டியபோது, கிளையடக்கப் பிறந்த உத்தி தண்ணீர் மிச்சத்துக்கான உத்தியாகவே பேசப்பட்டது.

ஆனால் எல்லா ரகத்துக்கும் இது பொருந்தாது. சீக்கிரம் பழுக்கும் பீச் ரகங்களில் கொட்டை இறுகும் காலம் மிகக் குறுகியது. அங்கே குறைக்க இடமே இல்லை. அவற்றுக்கு அறுவடை முடிந்தபின் குறைக்கலாம். அதிலும் கை மீறக்கூடாது. அடுத்த ஆண்டுக்கான பூமொட்டு உருவாவது அந்தக் கோடைக் கடைசியில்தான். அப்போது மரத்தை மிகவும் வாட விட்டால், மறு வருடம் ஒரே காம்பில் இரட்டைப் பழங்கள் ஒட்டிக்கொண்டு வரும். சந்தையில் அவை விலை போகாது.