ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்த வழியாக வரும்? நாச்சாரம் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

ஹைதராபாத்தில் வேலை கிடைத்து நாச்சாரம், ஹப்சிகுடா, உப்பல் பக்கம் வீடு தேடுகிறீர்களா? வாடகை, மெட்ரோ, தண்ணீர் வசதி எல்லாம் விசாரிப்போம். பக்கத்து ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று யாரும் கேட்பதில்லை. 2020 அக்டோபருக்குப் பிறகு, முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அன்று என்ன நடந்தது?

வங்கக்கடலில் உருவான ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 2020 அக்டோபர் 13 காலை காக்கிநாடா அருகே கரையைக் கடந்து, தெலங்கானா வழியாக மேற்கே நகர்ந்தது. 24 மணி நேரத்தில் பேகம்பேட்டையில் சுமார் 19 செ.மீ., நாச்சாரத்துக்குக் கிழக்கே உள்ள கட்கேசரில் சுமார் 32 செ.மீ. மழை கொட்டியது.

ககன்பஹாடில் அப்பா செருவு உடைந்து பெங்களூரு நெடுஞ்சாலையை அரித்தது. ஹப்சிகுடா, ராமந்தாபூர் பகுதிகளில் ஏரித் தண்ணீர் தெருக்களில் புகுந்து, வடிய நாட்கள் ஆயின. பாலாப்பூர் குர்ரம் செருவு உடைந்தது 17ஆம் தேதி இரவு. பெருமழை பெய்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஆனால் ஏரி நிறைந்தே இருந்ததால், அடுத்த மழையைக் கரை தாங்கவில்லை.

மாநிலத்தில் 50 பேர் இறந்ததாகவும், சேதம் ரூ.5,000 கோடிக்கு மேல் என்றும் அக்டோபர் 15 அன்று அரசு சொன்னது. பிறகு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா ரூ.10,000 நிவாரணம் அறிவித்தது.

தண்ணீருக்கு வழி யார் சொன்னது?

தெலுங்கில் ‘செருவு’ என்றால் நம்ம ஊர் ஏரி. ‘குண்ட்டா’ என்றால் குட்டை. நம் ஏரிகளைப் போலவே இவையும் சங்கிலியாக வெட்டப்பட்டவை. மேல் ஏரி நிரம்பினால் மறுகால் பாய்ந்து கீழ் ஏரிக்கு. கடைசியில் மூசி ஆற்றுக்கு. நடுவில் ஓடும் கால்வாய்தான் ‘நாலா’.

நாலாவைச் சுருக்கி வீடு கட்டினாலும் தரையின் சரிவு மாறாது. தண்ணீர் பழைய வழியில்தான் வரும். இப்போது அந்த வழியில் தெரு இருக்கிறது, அவ்வளவுதான். 2015இல் சென்னை வேளச்சேரியில் பார்த்ததும் இதைத்தான்.

விதி என்ன சொல்கிறது?

ஏரி முழுதாக நிரம்பும்போது தண்ணீர் தொடும் எல்லைக்குப் பெயர் எஃப்.டி.எல். அதற்குள் கட்டடம் கூடாது. 2012 கட்டட விதிகளின்படி, 10 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட ஏரி என்றால் எஃப்.டி.எல்.லிலிருந்து இன்னும் 30 மீட்டர், சிறிய ஏரி என்றால் 9 மீட்டர் காலியாக விட வேண்டும். 2024 ஜூலையில் உருவான ‘ஹைட்ரா’ அமைப்பு, ஏரி ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடித்துவருகிறது. ஆக, இங்கே வீடு வாங்குபவருக்கு ஆபத்து இரண்டு: ஒன்று வெள்ளம், இன்னொன்று புல்டோசர்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* ஹெச்.எம்.டி.ஏ.வின் ஏரிகள் இணையதளத்தில் எஃப்.டி.எல். வரைபடங்கள் உள்ளன. நாச்சாரம் பெத்த செருவு மாதிரி பக்கத்தில் உள்ள ஏரியைத் தேடி, வீட்டின் சர்வே எண்ணோடு ஒப்பிடுங்கள்.
* வாடகை வீடு என்றால், 2020இல் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று எதிர் கடைக்காரரிடம் கேளுங்கள். புரோக்கரிடம் வேண்டாம்.
* தரைத்தளமா, தெரு பள்ளத்தில் இருக்கிறதா, நாலா எவ்வளவு தூரம் என்று நடந்து பாருங்கள்.
* ஏப்ரலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முடிந்தால் ஒரு பெருமழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள்.